செங்குன்றம் பக்கம் செம்மறி வளர்க்கப் போகிறவர்களுக்கு

அல்பாகா பண்ணை வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "நாமளும் நாலு வாங்கிக் கட்டலாமா?" என்று கேட்கிறவர்கள் எங்கள் பக்கமும் வந்துவிட்டார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அது தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைமேல், 3,500 மீட்டருக்கும் மேலே குளிரில் மேய்ந்து பழகிய பிராணி, உடம்பு முழுக்கக் கம்பளி. நம் வடசென்னை மணலிப் புழுக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் பாவம். வீட்டு ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சின்ன மந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அதற்கு வெளிநாடு போகவே வேண்டாம். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்துக்கே சொந்தமான செம்மறி இருக்கிறது. புத்தகங்களில் மெட்ராஸ் ரெட் என்று போட்டிருப்பார்கள், ஊரில் சும்மா செம்மறிதான். கம்பளி கிடையாது, குட்டை முடி. செம்மண் நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரை இருக்கும், சிலதுக்கு நெற்றியில் வெள்ளை. கிடாவுக்கு முறுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கொம்பு இருக்காது. நன்றாக வளர்ந்த கிடா 35 கிலோ, பெட்டை 23, 24 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே எழுதியிருப்பதெல்லாம் பத்துப் பெட்டை, ஒரு கிடா என்ற அளவில் தொடங்குகிறவர்களுக்கு. செங்குன்றம், சோழவரம், மீஞ்சூர், மணலி புதுநகர், மாதவரத்துக்கு வெளிப்பக்கம் என்று கொஞ்சமாவது காலி மண் இருக்கிற ஊர்களை வைத்து எழுதுகிறேன். கொருக்குப்பேட்டைச் சந்தில் வாசலில் கட்டி வளர்க்கிறவர்களும் உண்டு, அது தனிக் கலை, அதற்குள் போகவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எந்த முடிவையும் ஐப்பசி, கார்த்திகை மழையை மனதில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். வெயிலில் ஆடு இளைக்கும், சினை தள்ளிப்போகும், சமாளித்துவிடலாம். மந்தை மந்தையாகப் போவது மழையில்தான். அதனால் ஆடு வாங்க நல்ல மாதம் தை, மாசி. மழை முடிந்து புல் இருக்கும், அடுத்த மழைக்குள் நீங்களும் பழகிவிடுவீர்கள், ஊசியெல்லாம் போட நேரம் கிடைக்கும். ஆவணியில் காசு கையில் வந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டு ஆட்களைக் கணக்கெடுங்கள்

ஆடு, கொட்டகை, தீவனம் எல்லாம் அப்புறம். துறைமுகத்திலோ மணலி கம்பெனிகளிலோ ஷிப்டு வேலை பார்க்கிற வீடுதான் இந்தப் பக்கம் நிறைய. யார் எந்த வாரம் எந்த ஷிப்டு என்று ஒரு தாளில் எழுதி, காலை ஆறிலிருந்து எட்டு, மாலை ஐந்திலிருந்து ஏழு, இந்த இரண்டு நேரத்திலும் வளர்ந்த ஆள் ஒருவர் கட்டாயம் வீட்டில் இருப்பாரா என்று பாருங்கள். மேய்க்க ஆள் தனி. "அம்மா பாத்துப்பாங்க" என்று முடிவெடுப்பதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது, அவருக்கு முட்டி வலி இருக்கிறதா என்பதையும் சேர்த்து. கல்யாணம், சாவு, திருப்பதி என்று எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் நாளில் யார் தண்ணீர் காட்டுவார்கள்? அதற்குப் பதில் இல்லாத வீட்டில் ஆடு வேண்டாம்.

கொட்டகை

பத்துப் பெட்டைக்கும் அதன் குட்டிகளுக்கும் 200 சதுர அடி கூரைக்குள் இருந்தால் தாராளம், அதைப் போல இரண்டு மடங்கு திறந்த பட்டி வெளியே வேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இங்கே தண்ணீர் எதுவரை நின்றது? சுவரில் கோடு இருந்தால் காட்டுவார். அந்தக் கோட்டுக்கு மேலே அரை அடியாவது வருகிற மாதிரி மண்ணும் கிராவலும் கொட்டி மேடாக்கி, தண்ணீர் ஓடச் சரிவு கொடுத்து, அப்புறம் கூரை போடுங்கள். அவ்வளவு உயர்த்த முடியாது என்கிற இடமாக இருந்தால் பரண் கட்டலாம், மரச்சட்டத்துக்கு நடுவே புழுக்கை கீழே விழுகிற அளவு இடைவெளி விட்டு. ஆனால் அந்த இடைவெளியில் குட்டியின் கால் மாட்டாதா என்று கையை விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே குறைவாக விழும். நமக்கு மழைச் சாரல் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும், அதனால் அந்த இரண்டு பக்கமும் கூரையைக் கூடுதலாக இறக்கி விடுங்கள். வெறும் தகரம் சித்திரையில் அடுப்பாகிவிடும், மேலே தென்னங்கீற்று போட்டுக் கட்டினால் போதும். சுவரை முழுக்க அடைக்க வேண்டாம், காற்று ஓட வேண்டும். காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. விடியற்காலையில் உள்ளே போய் ஆட்டின் மூக்கு உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து மூச்சை இழுங்கள். மூத்திர நெடியில் கண் எரிந்தால் ஆட்டுக்கு ராத்திரி முழுக்க அப்படித்தான் எரிந்திருக்கிறது. தரையைக் காயவிட்டுச் சுண்ணாம்புத் தூள் தூவுங்கள்.

நாய்தான் இங்கே புலி. நாலைந்து தெருநாய்கள் சேர்ந்தால் ஒரு ராத்திரியில் பட்டியையே காலி செய்துவிடும், தின்பதுகூட இல்லை, கடித்துப் போட்டுவிட்டுப் போகும். கம்பிவலை ஐந்தடி உயரம் இருக்கட்டும், அடியில் நாய் தோண்டாதபடி ஒரு வரிசை கல் புதைத்துவிடுங்கள். பூட்டும் நல்ல பூட்டாக வாங்குங்கள், பைக்கில் வந்து ஆட்டை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

தழையும் தண்ணீரும்

ஒரு பெட்டைக்கு ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து மூன்று கிலோ பசுந்தீவனம், அரைக் கிலோ காய்ந்த தீவனம், கையளவு அடர்தீவனம். மேய்ச்சல் நன்றாக இருக்கிற மாதத்தில் இதில் பாதியை மேய்ச்சலே கொடுத்துவிடும். ஐந்து முதல் பத்து சென்ட் இடமும் தண்ணீரும் இருந்தால் கம்பு நேப்பியர் தீவனப்புல் கரணை நட்டுவிடுங்கள், முதல் அறுப்பு எழுபது, எழுபத்தைந்து நாளில், அப்புறம் நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை. வேலியோரம் அகத்தி, வேலிமசால், கிளரிசிடியா. சூபாபுல் நன்றாகத் தின்னும், ஆனால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, அதிகமானால் முடி கொட்டும்.

தவிட்டுக்கு நாம் கொடுத்துவைத்தவர்கள், செங்குன்றத்தில் அரிசி ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. உடைத்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் கல்லுப்பு, தாது உப்பு, இதுதான் அடர்தீவனம். தாது உப்பு வாங்கும்போது கடைக்காரர் மாட்டுக்கு உள்ளதை எடுத்துக் கொடுப்பார், "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார். ஒன்றில்லை. மாட்டுத் தாது உப்பில் தாமிரம் அதிகம், செம்மறிக்குத் தாமிரம் ஈரலில் சேர்ந்து ஒருநாள் ஆளையே கவிழ்த்துவிடும். ஆட்டுக்கு என்று போட்டிருக்கிற பையைத்தான் வாங்க வேண்டும். கடலைக்கொடியை அறுவடை சமயத்தில் மொத்தமாக வாங்கி மேடான இடத்தில் போர் போட்டுவிடுங்கள். மழை மாதத்தில் மேயவிட முடியாத நாட்களுக்கு அதுதான் சோறு.

சோறு என்றதும் ஞாபகம் வருகிறது. அக்கம்பக்கத்தில் விசேஷம் நடந்தால் மிஞ்சிய சோறு, பிரியாணி, பொங்கல் எல்லாவற்றையும் அன்போடு ஆட்டுக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஆட்டின் வயிற்றில் அது புளித்து அமிலமாகி, மறுநாள் காலையில் ஆடு வயிறு தளும்பிப் படுத்துக் கிடக்கும், பல்லைக் கடிக்கும், இரண்டு நாளில் போய்விடும். வருகிறவர் மனம் கோணாமல் வாங்கிக்கொண்டு வேறெங்காவது போட்டுவிடுங்கள், பட்டிக்குள் மட்டும் வேண்டாம். தெரியாமல் தின்றுவிட்டால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிட வேண்டும். மருந்து புகட்டும்போது தலையை அண்ணாந்து தூக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும், தாடை தரைக்குச் சமமாக இருந்தால் போதும். கோயம்பேட்டுக் கோஸ் இலை, பலாத்தோல் இதெல்லாமும் அப்படித்தான், ஒரு கூடை பரவாயில்லை, ஒரு ஆட்டோ நிறைய இறக்கினால் ஆபத்து.

தண்ணீர் தலைக்கு மூன்றிலிருந்து ஐந்து லிட்டர், வெயிலில் இன்னும் கூட. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறி நிறைய போர்வெல்களில் தண்ணீர் கரிக்கும். பெரிய ஆடு ஓரளவு தாங்கும், பால் கொடுக்கிற பெட்டைக்கும் குட்டிக்கும் நல்ல தண்ணீராகப் பார்த்து வையுங்கள்.

மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போகக் கூடாத இடங்கள்: கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம், எண்ணூர் சாம்பல் குட்டைகளின் ஓரம், ஆலைக் கழிவுநீர் ஓடுகிற கால்வாய்க் கரைகள். புல் பச்சையாகத்தான் தெரியும். ஏரிக்கரைகளில் ஊதாப் பூ பூத்து நிற்குமே நெய்வேலிக் காட்டாமணக்கு, அது விஷம். பசியில்லாத ஆடு தொடாது, வறட்சியில் வேறெதுவும் கிடைக்காதபோது வாய் வைத்துவிடும். இளம் சோளப் பயிரும் வேண்டாம்.

ஆடு பார்த்து வாங்குவது

சந்தையில் வாங்குவதைவிடக் கிராமத்தில் மந்தை வைத்திருப்பவர் வீட்டுக்கே போய் வாங்குவது நல்லது. மந்தை முழுவதையும் பார்க்கலாம், தாயைப் பார்க்கலாம், சளி ஒழுகுகிற ஆடு ஏதாவது ஓரத்தில் நிற்கிறதா என்பதும் தெரியும். "ரெண்டு பல்லு சார், தலையீத்து" என்று தரகர் சொன்னால் தலையாட்டாமல் கீழுதட்டை விலக்கிப் பாருங்கள். முன்பற்கள் எட்டும் சின்னச் சின்னதாக இருந்தால் பால் பல், வயது ஒன்றுக்குள். நடுவில் இரண்டு மட்டும் அகலமாகப் பெரிதாக இருந்தால் ஒன்று, ஒன்றரை வயது. நாலு பல் என்றால் இரண்டு வயது பக்கம், ஆறு பல் மூன்று, எட்டும் பெரிதாகிவிட்டால் நாலு வயது. பல் தேய்ந்து இடைவெளி விழுந்த ஆட்டைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள், வேண்டாம். தொடங்குகிறவருக்கு இரண்டு பல், நாலு பல் பெட்டைதான் சரி.

அடுத்தது கண். கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்து உள்சதையைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்துக் காகிதமாக இருந்தால் வயிற்றில் ரத்தம் உறிஞ்சுகிற புழு இருக்கிறது. தாடைக்கு அடியில் தண்ணீர் கோத்துத் தொங்கினாலும் அதேதான். மடியை இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள், கட்டி இருக்கக் கூடாது, இரண்டு காம்பும் திறந்திருக்க வேண்டும். பத்தடி நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று கவனியுங்கள். கிடா வாங்கும்போது விதை இரண்டும் ஒரே அளவில் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள், விற்கிறவர் கூச்சப்பட மாட்டார்.

வாங்கி வந்ததும் மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள், ஏற்கெனவே ஆடு இருந்தால் அதோடு மூக்கு உரசாத தூரத்தில். குடற்புழு மருந்தும் ஊசியும் அந்த நேரத்திலேயே.

ஒரு நாள்

விடிந்ததும் கதவைத் திறக்காதீர்கள். வெளியே நின்று ஐந்து நிமிடம் சும்மா பார்க்க வேண்டும். எல்லாம் அசைபோடுகிறதா, எது தனியாக நிற்கிறது, எது எழுந்திருக்கவில்லை, எதன் பின்பக்கம் கழிச்சலில் நனைந்திருக்கிறது. திறந்துவிட்டால் எல்லாம் முண்டியடித்து ஓடிவிடும், அப்புறம் எதுவும் தெரியாது. பார்த்தபின் வெளியே விட்டு, பெருக்கி, தொட்டியைப் பாசி போகத் தேய்த்துத் தண்ணீர் நிரப்ப வேண்டும். அல்பாகா எல்லாம் ஒரே இடமாகப் பார்த்துச் சாணி போடுமாம், நம் ஆட்டுக்கு அந்த நாகரிகம் கிடையாது, படுத்த இடத்திலேயே போடும், தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் போடும். துடைப்பம் தினமும் வேண்டும்.

மேய்ச்சலுக்குப் பனி காய்ந்த பிறகுதான், எட்டரை, ஒன்பதுக்கு மேல். ஈரப்புல்லின் நுனிக்குத்தான் புழுக்குஞ்சு ஏறி உட்கார்ந்திருக்கும், செம்மறி தரையோடு ஒட்ட மேய்கிறது என்பதால் வெள்ளாட்டைவிட இதற்குப் புழுத் தொல்லை அதிகம். கத்திரி வெயிலில் பனி ஏது, அப்போது ஏழு மணிக்கே ஓட்டிப் பத்தரைக்குத் திருப்பி, மறுபடி நாலு மணிக்கு மேல் விடலாம்.

மாலையில் திரும்பும்போது எண்ணுவது எல்லோரும் செய்வது. சோழவரத்தில் எனக்குத் தெரிந்த ஆயா ஒருத்தர் எண்ணவே மாட்டார், வரிசையைப் பார்ப்பார். "எது கடசியா வருதுன்னு பாரு கண்ணு. தெனம் மொத ஆளா ஓடியார்றது இன்னிக்கு வால்ல வந்தா அத்த அப்பவே புடிச்சி வாயப் பாரு, காதத் தொட்டுப் பாரு" என்பார். நோய் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே ஆட்டின் இடம் வரிசையில் மாறிவிடுகிறது. பத்து ஆட்டில் எது முன்னால் வரும், எது குறுக்கே போகும் என்பது கொஞ்ச நாளில் வீட்டுப் பிள்ளைகளுக்கே பழகிவிடும், அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம்.

ராத்திரிக்குள் அடர்தீவனம், கொஞ்சம் கடலைக்கொடி, தண்ணீர், கதவு, பூட்டு.

மழை மாதங்கள்

ஆடியிலேயே தொடங்கிவிடுங்கள். துள்ளுமாரி ஊசி ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால். முதல் மழைக்குப் பிறகு முளைக்கிற கொழுத்த புல்லைத் தின்றுவிட்டு, மந்தையில் நன்றாக இருக்கிற ஆடே துள்ளித் துடித்துச் சாகும், வைத்தியம் பார்க்க நேரமே இருக்காது. ஆட்டுக்கொல்லி நோய்க்கு மூன்று மாதம் தாண்டிய குட்டியிலிருந்து ஊசி போடலாம், ஒருமுறை போட்டால் சுமார் மூன்று ஆண்டு தாங்கும். நீலநாக்கு நோய்க்கும் ஊசி உண்டு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டில் செம்மறியை அடிக்கிற பெரிய நோய் இதுதான். காய்ச்சல், உதடும் முகமும் வீங்கும், மூக்கில் சளி காய்ந்து அடைக்கும், நொண்டும். கொசுவைவிடச் சின்னதான ஒரு கடிபூச்சி பரப்புகிறது, சாயங்காலம் தொடங்கி ராத்திரி முழுக்கக் கடிக்கும். அதனால் ஐந்தரைக்கே உள்ளே அடைத்து, வேப்பிலை, நொச்சித் தழை போட்டு மூட்டம் போடுங்கள். புகை உள்ளேயே நின்றால் ஆடு இருமும், காற்று வரும் திசையில் வைத்தால் கடந்து போகும். பட்டியைச் சுற்றிச் சேறும் சாணித் தண்ணீரும் தேங்கவிடக் கூடாது, அந்தப் பூச்சி முட்டையிடுவதே அங்கேதான்.

குடற்புழு மருந்து மழைக்கு முன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை. எடை போட்டு அளவாகக் கொடுக்க வேண்டும், குறைத்துக் கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். கால்நடை மருந்தகத்தில் புழுக்கையைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் எந்த மருந்து என்று சொல்லிவிடுவார்கள்.

மழை நாளில் வெளியே விடாமல் இருக்க மனம் வராது, ஆடு கத்திக்கொண்டே இருக்கும். கத்தட்டும். ஈரத்தில் நின்று குளம்பிடுக்கு வெந்து அழுகும், தினமும் இரண்டு ஆட்டையாவது பிடித்துக் குளம்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், அழுகல் நாற்றம் தனியாகத் தெரியும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த இளஞ்சிவப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் காய்ந்த தரையில் நிறுத்த வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் தீவனமும் நல்ல தண்ணீரும் நாலு நாளுக்குச் சேர்த்து வையுங்கள், ஆட்டை எங்கே ஏற்றுவது என்பதையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள், மொட்டை மாடிப் படி ஆடு ஏறுமா என்று ஒரு நல்ல நாளில் ஏற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் கட்டிப்போட்ட ஆடுதான் சாகும், கயிறு வேண்டாம்.

அவசரத்துக்கு 1962 என்ற எண்ணைப் போனில் போட்டு வையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ். நமக்கு இன்னொரு வசதி, 1989-ல் தொடங்கிய கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே மாதவரம் பால்பண்ணையில்தான் இருக்கிறது, ஆடு வளர்ப்புப் பயிற்சியும் நடத்துகிறார்கள். ஆடு வாங்குவதற்கு முன் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். 1903-ல் தொடங்கிய வேப்பேரிக் கல்லூரி ஆஸ்பத்திரியும் உண்டு, ஆனால் மீஞ்சூரிலிருந்து ஆட்டை ஏற்றிக்கொண்டு அந்த டிராபிக்கில் போய்ச் சேருவதற்குள் பொழுது போய்விடும்.

குட்டி

சினை ஐந்து மாதம், பெரும்பாலும் ஒரே குட்டி. கிடா சேர்ந்த தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள், குட்டி கார்த்திகை மழையில் விழாதபடி கிடாவைச் சில வாரம் பிரித்து வைக்கலாம். கடைசி மாதத்தில் பெட்டைக்கு அடர்தீவனம் கால் கிலோ வரை கூட்டுங்கள். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் குட்டி வரவில்லை என்றால் டாக்டர்தான், இழுக்க வேண்டாம். பிறந்ததும் மூக்கு, வாயில் இருக்கிற சவ்வைத் துடைத்துவிட்டு மீதியைத் தாய் நக்கட்டும் என்று விட்டுவிடுங்கள், நக்கினால்தான் தன் குட்டி என்று சேர்த்துக்கொள்ளும். தொப்புளில் டிங்சர் அயோடின். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். குட்டி குடிப்பதுபோல் முட்டிக்கொண்டிருக்கும், வயிற்றுக்குள் போயிருக்காது, காம்பில் மெழுகு அடைத்திருக்கும். நீங்களே இரண்டு பீச்சு பீச்சிவிட்டு, குட்டியின் வாயைக் காம்பில் வையுங்கள். வாலை வேகமாக ஆட்டினால் பால் போகிறது. மூன்று மாதத்தில் பால் மறக்கடிக்கலாம்.

விற்பது

பெட்டைக் குட்டியை வைத்துக்கொண்டு கிடாக்குட்டியை விற்பதுதான் வழக்கம். ஆடி மாதக் கோயில், தீபாவளி, பக்ரீத், இந்த மூன்றுக்கும் விலை ஏறும். பக்ரீத்துக்கு ஒரு வயதுக் கிடா, கொம்பு உடையாமல், காது கிழியாமல், நொண்டாமல் கேட்பார்கள். அந்தப் பண்டிகை ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும் என்பதால், சினை ஐந்து மாதம், வளர்ப்பு பன்னிரண்டு மாதம், மொத்தம் பதினேழு மாதம் பின்னால் எண்ணித்தான் கிடா சேர்க்க வேண்டும். எடை போட்டு உயிர் எடைக்கு விற்றுப் பழகுங்கள். வியாபாரி கையால் தூக்கிப் பார்த்து மதிப்புச் சொல்வது எப்போதும் அவருக்குச் சாதகமாகத்தான் இருக்கும். ஒரு தொங்கு தராசும் சாக்குத் தொட்டிலும் இருந்தால் போதும்.

ஆட்டெருவை மறந்துவிடாதீர்கள். மாடித் தோட்டக்காரர்கள் நகருக்குள்ளிருந்து வந்து மூட்டை மூட்டையாகக் கேட்கிறார்கள், மட்கவைத்துச் சலித்துக் கொடுத்தால் தவிட்டுச் செலவு அதில் வந்துவிடும். கிடாவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் தன் மகள்களோடே சேரும். நல்ல கிடாவாக இருந்தால் விற்க வேண்டாம், பக்கத்து ஊரில் மந்தை வைத்திருப்பவரோடு மாற்றிக்கொள்ளலாம். அவருக்கும் அதே தேவை இருக்கும்.